மருத்துவச் சொற்களைப் பகுத்துக் கற்கும் முறை

மருத்துவத் தொழிற்கல்வியில் முதன்முதலாகப் புகும் மாணாக்கர், உடற்கூற்று நூலைத் திறந்த மாத்திரத்தே மலைத்து நிற்பது இயல்பு. செவிலியர் பயிற்சியாயினும், ஆய்வுக்கூடப் பயிற்சியாயினும், மருந்தாளுநர் பயிற்சியாயினும், முதற் சில திங்களுக்குள் நூற்றுக்கணக்கான புதுச் சொற்கள் அவரை எதிர்கொள்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை கிரேக்கம், இலத்தீன் ஆகிய பழைய மொழிகளிலிருந்து பிறந்தவை. வீட்டிலோ வீதியிலோ அவர் கேட்டறியாதவை. ஆகவே, அச்சொற்களை வாய்பாடுபோல் உருப்போடத் தொடங்குகின்றார். தேர்வு முடிந்ததும் அவை மறந்து போகின்றன.

இவ்விடர்ப்பாட்டை நீக்க ஒரு வழி உண்டு. மருத்துவச் சொற்களிற் பல, தனித்தனியே மனனம் செய்ய வேண்டிய பெயர்கள் அல்ல. சில உறுப்புக்கள் இணைந்து அமைந்தவை. ஓர் உறுப்பை ஒரு முறை அறிந்துகொண்டால், அது பயிலும் சொற்கள் அனைத்திலும் அதன் பொருள் விளங்கும். இம்முறையையும், இதன் எல்லையையும், ஆசிரியர் இதனைக் கற்பிக்கத்தக்க வகையையும் இங்கே காண்போம்.

இச்சொற்கள் வந்த வழி

மேனாட்டு மருத்துவத்தின் தொன்மையான நூல்கள் கிரேக்க மொழியில் எழுந்தவை. ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த காலன் என்பாரின் நூல்களும் அம்மொழியிலேயே உள்ளன. பின்னர் ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் இலத்தீன் மொழி ஆட்சி பெற்றது. 1543-ல் வெசாலியஸ் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்று நூல் இலத்தீனில் எழுதப்பட்டதே. ஒரே உறுப்புக்குப் பற்பல பெயர்கள் பெருகிக் குழப்பம் மிகுந்தமையால், 1895-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் அறிஞர் கூடி, ஏறத்தாழ 50,000 பெயர்களைச் சுமார் 5,000 ஆகக் குறைத்தனர்.

இவ்வரலாற்றை அறிவதால் ஒரு நன்மை உண்டு. சிறுநீரகத்தின் தமனியை 'ரீனல்' தமனி என்கிறோம். அவ்வுறுப்பின் அழற்சியையோ 'நெஃப்ரைடிஸ்' என்கிறோம். ஓர் உறுப்புக்கு இரு பெயர் ஏன் என்று மாணாக்கர் வினவுவர். முன்னது இலத்தீன் வேர். பின்னது கிரேக்க வேர். உடற்கூற்றுப் பெயர்களில் இலத்தீனும், நோய்ப்பெயர்களில் கிரேக்கமும் மிகுதியாகப் பயில்கின்றன. நுரையீரலுக்குப் 'பல்மோ', 'நியூமோ' எனவும், தோலுக்குக் 'குட்டிஸ்', 'டெர்மா' எனவும் இரு வேர்கள் வழங்குவதும் இதனாலேயே.

சொல்லின் உறுப்புக்கள்

தமிழிலக்கணம் பயின்றவர்க்குப் பகுதி, விகுதி என்னும் பாகுபாடு புதிதன்று. மருத்துவச் சொல்லிலும் நடுவே வேர், இறுதியில் பின்னொட்டு, சிலவிடத்து முதலில் முன்னொட்டு என மூன்று உறுப்புக்கள் அமையும். பொருள் காணும்போது இறுதியிலிருந்து தொடங்குவது எளிது. 'பெரிகார்டைடிஸ்' என்பதைப் பகுப்போம். இறுதியிலுள்ள 'ஐடிஸ்' அழற்சியைக் குறிக்கும். 'கார்டி' இருதயத்தைக் குறிக்கும். முதலிலுள்ள 'பெரி' சுற்றியுள்ள என்னும் பொருளது. எனவே, இருதயத்தைச் சூழ்ந்த உறையின் அழற்சி என்பது பெறப்படும்.

இங்கே ஆசிரியர் தாய்மொழியைத் துணைக்கொள்ளலாம். குடல்வால் அழற்சி, கல்லீரல் அழற்சி, மூட்டழற்சி என நாம் கூறுங்கால், 'அழற்சி' என்னும் சொல் 'ஐடிஸ்' செய்யும் பணியையே செய்கின்றது. வெப்பமானியிலுள்ள 'மானி' என்பது 'மீட்டர்'. அகநோக்கியிலுள்ள 'நோக்கி' என்பது 'ஸ்கோப்'. உடலியலில் உள்ள 'இயல்' என்பது 'லஜி'. இங்ஙனம் ஒப்பிட்டுக் காட்டினால், சொல்லைக் கட்டும் முறை தமக்கு முன்பே தெரிந்தது என்பதை மாணாக்கர் உணர்வர், அச்சம் நீங்கும்.

வேரையும் பின்னொட்டையும் இணைக்க இடையே 'ஓ' என்னும் உயிரொலி வருவதுண்டு. இரைப்பையைக் குறிக்கும் 'காஸ்ட்ர்' என்னும் வேர், 'ஸ்கோப்பி' என்னும் மெய்ம்முதற் பின்னொட்டோடு சேரும்போது 'காஸ்ட்ரோஸ்கோப்பி' என்றாகும். உயிர்முதலாகிய 'ஐடிஸ்' சேரும்போது 'ஓ' வேண்டுவதில்லை. 'காஸ்ட்ரைடிஸ்' என்றே நிற்கும். இரண்டு உயிர்களுக்கு இடையே நாம் உடம்படுமெய் இடுவதைப்போல், இங்கு மெய்களுக்கு இடையே உயிர் இடப்படுகின்றது.

சிறு வேற்றுமையால் நேரும் பெருங்கேடு

உறுப்பறிந்து கற்பதன் இன்றியமையாமை, ஒலியால் ஒத்த சொற்களிலேதான் நன்கு புலனாகும். 'ஹைப்பர்' என்பது மிகுதி. 'ஹைப்போ' என்பது குறைவு. 'ஹைப்பர்கிளைசீமியா' என்பது இரத்தத்திற் சர்க்கரை மிகுந்த நிலை. 'ஹைப்போகிளைசீமியா' என்பது குறைந்த நிலை. தொலைபேசியில் விரைந்து கூறினால் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும். சிகிச்சையோ நேர்மாறானது. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்வையும் நடுக்கமும் தோன்றினால், நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் உள்ளவருக்கு ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் சோதிப்பது வழக்கம். அவருக்கே, சொல்லைப் பிழையாகக் கேட்டு, இன்சுலின் செலுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும்.

'டிஸ்ஃபேஜியா' என்பது விழுங்குவதில் இடர். 'டிஸ்ஃபேசியா' என்பது பேச்சில் இடர். 'எக்டமி' என்றால் உறுப்பை நீக்குதல். 'ஆட்டமி' என்றால் கீறித் திறத்தல். 'ஆஸ்டமி' என்றால் வாயில் அமைத்தல். தமிழெழுத்தில் எழுதும்போது சிறப்பாகக் கருதத்தக்கது 'இலியம்' என்னும் சொல். சிறுகுடலின் இறுதிப் பகுதிக்கும் அதுவே பெயர். இடுப்பெலும்பின் மேற்பகுதிக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தில் ஓரெழுத்தால் வேறுபடும் இவை தமிழெழுத்தில் முற்றிலும் ஒன்றாகி விடுகின்றன. ஆதலின், குறிப்பெழுதுங்கால் குடல் என்றோ எலும்பு என்றோ சேர்த்தெழுதுதல் வேண்டும். அவ்வாறே, இன்சுலின் அளவைக் குறிக்கையில் 'அலகு' என்பதை முழுமையாக எழுதுக. அதற்குப் பதிலாக ஆங்கில 'யூ' என்னும் எழுத்தை மட்டும் இட்டால், அது சுழியம்போற் தோன்றி, 4 என்பது 40 எனப் படிக்கப்படலாம்.

சொற்பொருளின் எல்லை

பகுத்துக் காணும் முறை பெரிதும் பயன்படும் எனினும், எப்போதும் அது முழுப்பொருளையும் தந்துவிடாது. 'அனீமியா' என்பதன் சொற்பொருள் இரத்தமின்மை. உண்மையில் அந்நோயாளியிடம் இரத்தம் இல்லாமலில்லை. அதிலுள்ள ஹீமோகுளோபினே குறைந்துள்ளது. கருவுறாத வயதுவந்த பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. இத்தகைய வரையறையைச் சொல்லின் உறுப்புக்கள் கூறா.

'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்துக் காற்றே காய்ச்சலைத் தருகின்றது என்று முன்னோர் எண்ணினர். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் அந்நோயின் நுண்ணுயிரைக் கண்டார். பழைய கருத்து வீழ்ந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. மனிதர் பெயரால் அமைந்த சொற்களோ பகுப்புக்கே அடங்கா. காலா அசார் நோயின் கிருமிக்கு, லீஷ்மன் என்பவர் பெயராலும், சென்னையில் ஆய்ந்த டானவன் என்பவர் பெயராலும், 1903-ல் 'லீஷ்மேனியா டானவனி' எனப் பெயரிடப்பட்டது. இத்தகையவற்றை வரலாற்றோடு சேர்த்து நினைவிற் கொள்வதே வழி.

நோயாளியின் சொல்

கற்ற சொல் நோயாளியிடம் சென்று பயன்படும்போதுதான் கல்வி நிறைவெய்தும். யாழ்ப்பாணத்திற்கு 1847-ல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். இந்திய அரசும் 1961-ல் அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவிற்று. ஆயினும், நூற்சொல் வேறு, மக்கள் வழக்கு வேறு என்பதைக் களப்பணியாளர் மறத்தலாகாது. ஒருவர் 'மயக்கம்' என்றால், தலைசுற்றலைக் கூறுகின்றாரா, நினைவிழந்து விழுந்ததைக் கூறுகின்றாரா என்று கேட்டறிதல் வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு நோய்களின் அறிகுறிகளாகலாம். காசநோய்ச் சோதனைக்குச் 'சளி' கொண்டுவருக என்று மட்டும் கூறினால், சிலர் எச்சிலையே கொண்டுவருவர். நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி வெளிக்கொணர்ந்த கோழையே வேண்டும் என்று விளக்குதல் நம் கடமை.

ஆசிரியர்க்குச் சில குறிப்புக்கள்

நாள்தோறும் ஐந்து உறுப்புக்களுக்கு மேற் கற்பித்தல் வேண்டுவதில்லை. அவற்றை அட்டைகளில் எழுதி, மாணாக்கர் தாமே இணைத்துச் சொல் ஆக்கும்படி செய்யலாம். ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லவும், பகுக்கவும், பின்னர்ப் படிப்பறியாத தாய் ஒருவர்க்கு விளங்கும்படி எளிய தமிழிற் கூறவும் பழக்குக. ஒலியொத்த சொற்களை எப்போதும் இணையாகவே கற்பிக்க. தொலைபேசியிற் கேட்ட ஆணையைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்யும் வழக்கத்தை வகுப்பறையிலேயே ஊன்றுக. ஐயம் எழுந்தவிடத்துக் கேட்பது இழுக்கன்று. கேளாமல் ஊகித்துச் செயற்படுவதே இழுக்கு. இதனை முதல் நாளிலேயே மாணாக்கர் உள்ளத்திற் பதிப்பித்தால், அவர்கள் கற்கும் ஒவ்வொரு சொல்லும் நோயாளிக்கு அரணாக அமையும்.