ஆட்டைக்குள் நுழைய ஒரு வழி

விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற போடிப் பக்கத்து வீடுகளில், வருஷ நடுவில் பள்ளி மாறும் பிள்ளைகளும் உண்டு. குரங்கணியில் அப்பத்தாவிடம் வளர்ந்த ஐந்து வயசுப் பிள்ளைக்குப் போடியின் வகுப்பறையில் எல்லா முகமும் புதுசு. "போய்ப் பேசிப் பழகு" என்று முதுகில் தட்டி அனுப்பினால், யாரிடம் என்ன பேசும்? பேச்சு மெல்ல வரட்டும். முதலில் ஆட்டைக்குள் நுழையக் கற்றுக்கொடுங்கள்.

தொடக்கத்தில் சில நாள் வேடிக்கை பார்க்க விடுங்கள். ஓரமாக நிற்கிறதே என்று பதற வேண்டாம். 1932இல் மில்ட்ரெட் பார்ட்டன், சிறுபிள்ளைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது வேடிக்கை பார்ப்பதையும் ஒரு வகையாகவே சேர்த்தார்.

அடுத்து, பக்கத்தில் போய் அதே காரியத்தைச் செய்ய வேண்டும். சொட்டாங்கல் ஆடுகிறார்களா? உருண்டோடிய கல்லைப் பொறுக்கிக் கொடுக்கலாம். தானும் ஐந்து கல் பொறுக்கி அருகில் உட்காரலாம். புட்டல்லாஸ், காட்மன் இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: நடக்கும் ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் எளிதாகச் சேர்ந்தார்கள், தன் பெருமை பேசியவர்களையும் குறுக்குக் கேள்வி கேட்டவர்களையும் கூட்டம் ஒதுக்கியது.

கூட்டம் மிரட்டினால் ஒரே ஒரு பிள்ளையை விடுமுறை நாளில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் போதும், அலுக்குமுன் அனுப்பிவிடுங்கள். கையில் கொஞ்சம் புளியங்கொட்டை கொடுத்து 'ஒத்தையா ரெட்டையா' ஆடச் சொல்லுங்கள். மூடிய கைக்குள் இருப்பது ஒத்தையா ரெட்டையா என்று சரியாகச் சொன்னவருக்குக் கொட்டை. தப்பினால் அத்தனை கொட்டை தர வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிடத் தோதான ஆட்டம் எனக்குத் தெரியாது. ஒரு சொல் போதும், முறை தானாக மாறும். (கைக்குழந்தை உள்ள வீட்டில் கொட்டைகளை எண்ணி எடுத்துவையுங்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும்.)

ஆசிரியரிடம் ஒரு உதவி கேளுங்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு உண்டு. உப்புமாவோ பொங்கலோ, தினமும் ஒரே பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள்.

பெரிய பிள்ளைகளின் ஆட்டத்தில் 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்தாலும் சம்மதியுங்கள். பேர் நன்றாக இல்லை, ஏற்பாடு நல்லது: அவுட் ஆகாமலே ஆட்டம் பழகிவிடும்.

"சேத்துக்க மாட்டோம்" என்றும் சில நாள் சொல்வார்கள். அதற்கு வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். நீங்கள் மறுக்க, பிள்ளை "சரி, அடுத்த ஆட்டைக்கு வர்றேன்" என்று நகர வேண்டும். அழாமல் இதைச் சொல்லப் பழக நாளாகும்.

சண்டை வந்து "காய் விட்டுட்டேன்" என்று வந்தால் உடனே பஞ்சாயத்துக்குக் கிளம்பாதீர்கள். அடி, கடி என்றால் போய்ப் பாருங்கள். மற்றதெல்லாம் சாயங்காலத்துக்குள் பழமாகிவிடும். அதற்குள் நீங்கள் அந்த வீட்டம்மாவோடு காய் விட்டிருக்கக் கூடாது.