கறி என்னும் சொல்

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணிக்கு அருகில் திருமலை என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குன்றைச் சார்ந்து பழமையான சமணக் கோயில்கள் விளங்குகின்றன. அவற்றுள் ஒன்று குந்தவை சினாலயம். 11ஆம் நூற்றாண்டில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், வணிகர் ஒருவரின் மனைவியார் அக்கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கவும் திருவமுது படைக்கவும் காசு அளித்தார். இச்செய்தியை அவ்வூர்க் கல்வெட்டுக் கூறுகின்றது.

திருவமுது என்பது இறைவனுக்குப் படைக்கும் உணவு. அதன் பகுதிகளைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பல, நெய்யமுது, தயிரமுது, கறியமுது என்று பெயரிட்டுக் கூறும். கறியமுது என்பது காய்களைக் கொண்டு சமைத்த உணவேயாகும். கொல்லாமையைப் பேரறமாகப் போற்றும் சமணர் இல்லங்களிலும் காய்கறி உண்டு. ஆனால் கடைத்தெருவில் கறிக்கடை எங்கே என்று கேட்பவருக்கு இறைச்சிக் கடையையே காட்டுவர். ஒரே சொல் இவ்விரு பொருளையும் தருவது எங்ஙனம்?

கடித்து உண்பதைக் கறித்தல் என்பது தமிழ் வழக்கு. பர்ரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961இல் வெளியிட்ட திராவிட மொழிச் சொற்பிறப்பகராதி, காய், இறைச்சி, மிளகு ஆகிய பொருள்களை இவ்வினையோடு சேர்த்தே காட்டுகின்றது. சங்க காலத்தில் மிளகுப் பொருளே பெருவழக்காக இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த மிளகு மூடைகளைப் பட்டினப்பாலை கறி என்றே குறிக்கின்றது.

இச்சொல் பின்னர்க் கடல் கடந்தது. மேலைக் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் இதனைக் காரில் எனத் திரித்து வழங்கினர். கோவாவில் வாழ்ந்த லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரரின் பயண நூல் 1598இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபோது, சோற்றின்மேல் ஊற்றி உண்ணும் குழம்பின் பெயராக இச்சொல் அம்மொழியில் புகுந்தது. 1747இல் ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையார் தம் சமையல் நூலில் இந்திய முறைக் கறி சமைக்கும் வகையை எழுதினார். அதில் அவர் கூறிய முதன்மையான மசாலைப் பொருள்கள் மிளகும் கொத்துமல்லியுமே. பழந்தமிழில் கறி எனப்பட்ட மிளகு, கறி என்னும் பெயருடைய உணவிலேயே அங்கு இடம்பெற்றது! தமிழர் குழம்பு, கூட்டு, குருமா எனப் பிரித்துக் கூறுவனவற்றை எல்லாம் ஆங்கிலேயர் இந்த ஒரு பெயராலேயே வழங்கலாயினர். தமிழின் றகர ஒலி அவர்கள் நாவில் ரகரமாயிற்று. தமிழில் அவ்வாறு மாற்றினால் அது யானையையோ அடுப்புக் கரியையோ குறிக்கும்!

இச்சொல் ஆங்கிலத்திற்கே உரியது என்று வாதிடுவாரும் உளர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் சமையற்காரர் தொகுத்த நூலின் பெயரில் கியூரி என்னும் சொல் காணப்படுவதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். ஆனால் கியூரி என்பது பிரெஞ்சு மொழிவழி வந்து, சமையற்கலை முழுவதையும் குறித்த சொல். அது தனி ஓர் உணவின் பெயர் அன்று. பயண நூல்களோ, கறி என்பது இந்திய மக்கள் தம் உணவுக்கு இட்ட பெயர் என்று தெளிவாகக் கூறுகின்றன. ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகளும் அதன் மூலமாகத் தமிழையே காட்டுகின்றன.

இத்தீர்ப்புத் தமிழுக்குச் சார்பாக அமைந்தது. ஆயினும் அதனை அளித்தது ஒலி ஒற்றுமை அன்று. பொருளும் காலமும் சொல் சென்ற வழியுமே. இந்த அளவுகோலைப் பிறர் கூற்றுக்கு மட்டும் பயன்படுத்தி, நம் கூற்றுக்கு விலக்கு அளித்தல் நேர்மை ஆகாது. ஒலி ஒத்திருக்கும் அயற்சொற்களை எல்லாம் தமிழ் என்று கூறுவோர், மெய்யாகவே தமிழ் வழங்கிய கட்டுமரம், சுருட்டு முதலிய சொற்களின் மதிப்பையும் ஐயத்திற்கு உள்ளாக்குவர். சான்றோடு நிற்கும் ஒரு சொல், சான்றின்றிக் கூறும் நூறு சொற்களினும் மொழிக்குப் பெருமை தருவதாகும்.