கரடிக் காட்டில் கட்டுச்சோறு

அமெரிக்காவின் மாண்டானா, வயோமிங் பக்கம் பைக்கில் கூடாரத்தோடு கிளம்புகிறவர்கள் டயர், செயின் ஆயில், மழைக்கோட்டு என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவார்கள். சாப்பாடு என்று வந்தால் மட்டும் "சைடு பாக்ஸில் போட்டுப் பூட்டிவிட்டால் ஆயிற்று" என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பூட்டு மனிதத் திருடனுக்கு, கரடிக்கு அல்ல. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998ஆம் ஆண்டில் மட்டும் கரடிகள் செய்த அட்டகாசங்கள் 1,500ஐத் தாண்டின. பலவற்றில் உடைபட்டவை கார்கள். கார்க் கதவின் மேல் விளிம்பில் நகத்தைக் கொடுத்து வளைத்து இழுக்கிற பிராணிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு எம்மாத்திரம்?

எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் காரில் வருகிறவர்கள், கண்ணாடியை ஏற்றிக் கதவைச் சாத்திய வண்டிக்குள் சாப்பாட்டை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. நம் வண்டியில் கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அதனால் வேறு ஏற்பாடு வேண்டும், அதையும் வீட்டிலிருந்தே செய்துகொண்டு போக வேண்டும்.

முதலில் படுக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். எல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற முகாமில் கூடாரத்துக்கே அனுமதி இல்லை. கிரிஸ்லி என்னும் பழுப்புக் கரடிகளின் நடமாட்டம் அதிகமென்பதால் கெட்டிச் சுவருள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். நாள் முழுக்க ஓட்டிவிட்டு இருட்டில் அங்கே போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கனடாவின் பான்ஃப் பூங்காவில் லேக் லூயிஸ் கூடார முகாமைச் சுற்றி மின்வேலியே போட்டிருக்கிறார்கள். மற்ற முகாம்களில் இடம் பதியும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: கரடிப் பெட்டி இருக்கிறதா? கரடிப் பெட்டி என்பது தரையோடு பதித்த இரும்புப் பெட்டகம். கொக்கி உள்ளே மறைந்திருக்கும், விரலை விட்டு அழுத்தினால்தான் திறக்கும். கரடியின் பாதம் அதற்குள் போகாது. யோசெமிட்டியில் இருப்பவை சுமார் 114 செ.மீ. அகலம், 84 செ.மீ. ஆழம், 46 செ.மீ. உயரம். ஒரு பைக்காரனின் மொத்தச் சாப்பாடும் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

பெட்டகம் இல்லாத இடமென்றால் கரடி திறக்க முடியாத உணவு டப்பா, அதாவது கரடி டப்பா, வாங்க வேண்டும். அங்காடியில் "கரடி உடைக்காது" என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது, கிரிஸ்லி விவகாரங்களைக் கவனிக்கும் ஐஜிபிசி என்ற கூட்டுக்குழுவின் சான்று. வெஸ்ட் எல்லோஸ்டோன் ஊரில் உள்ள காப்பகத்தில், நிஜக் கிரிஸ்லிகளிடம் உள்ளே தீனி வைத்த டப்பாவைக் கொடுத்துவிடுவார்கள். மொத்தம் ஒரு மணி நேரம் கடித்தும் அமுக்கியும் உருட்டியும் திறக்காவிட்டால் பாஸ்.

பேர்வால்ட் 500 என்ற டப்பா 11.5 லிட்டர் கொள்ளும். விட்டம் 22 செ.மீ., உயரம் 32 செ.மீ., எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். ஒருவருக்கு நான்கைந்து நாள் உலர் உணவு போதும் போதும் என்கிற அளவுக்குப் பிடிக்கும். இதற்கும் ஒரு எமன் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலையில், இரண்டு காதிலும் மஞ்சள் அட்டை மாட்டியிருந்ததால் 'யெல்லோ-யெல்லோ' என்று பெயர்பெற்ற ஒரு பெண் கருங்கரடி, மூடியின் தடுப்பைப் பல்லால் அழுத்தித் திறக்கக் கற்றுக்கொண்டது. கம்பெனி இரண்டாவது தடுப்பு வைத்தது. அதையும் திறந்தது! எனவே போகும் வட்டாரத்தில் எந்த டப்பா செல்லும் என்று ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அர்சாக் என்ற துணிப்பை கால் கிலோகூட இல்லை, மடித்தால் சட்டைக்குள் அடங்கும். மரத்தில் கட்டி வைக்க வேண்டும். கரடியால் கிழிக்க முடியாது, ஆனால் மென்று துப்பிவிடும். காலையில் உங்கள் ரொட்டி கூழாகக் கிடைக்கும். யோசெமிட்டியில் இது செல்லாது. என்னைக் கேட்டால், பைக்கில் ஒரு கிலோ பெரிய பாரமில்லை, டப்பாவே மேல்.

டப்பாவை வண்டியில் கட்டுவதுதான் பெரும் பாடு. உருண்டை, வழவழப்பு. வார்ப்பட்டை எவ்வளவு இறுக்கினாலும் கரடுமுரடான பாதையில் ஒரு மணி நேரத்தில் நழுவும். பழைய டயர் டியூபிலிருந்து நான்கு விரல் அகலத்தில் இரண்டு வளையம் வெட்டி டப்பாவின் இடுப்பில் மாட்டுங்கள், அதன்மேல் பட்டை போடுங்கள். அசையாது. பின்சீட்டில் குறுக்காகப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் கூடாரத்தையும் படுக்கையையும் அணைகொடுத்தால் இன்னும் நல்லது. சைலன்சர் பக்கம் வேண்டாம். பெட்ரோல் குப்பியும் ஸ்டவ்வும் இதன் அருகில் கூடாது. டப்பாவின் பிளாஸ்டிக்கில் பெட்ரோல் பட்டால் நாளடைவில் கீறல் விட்டு வெடிக்கும். ராத்திரி டப்பாவைக் காட்டில் வைக்கும்போது பட்டை, வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் அது கரடிக்குப் பிடி கொடுத்த மாதிரி.

என்ன கொண்டுபோவது? டப்பாவுக்குள் அடங்குவதை மட்டும். இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் இரட்டை ஜிப் பைக்குள் போகலாம். கருவாட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நடந்து போகிறவனுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு: சமைத்த இடத்தை விட்டு இருபது கிலோமீட்டர் தள்ளிப்போய்த் தூங்கலாம். மாலை ஐந்து மணிக்குச் சாலையோரப் பிக்னிக் மேசையில் சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, குப்பையைக் கரடி திறக்க முடியாத தொட்டியில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். சமைக்கும்போது ரைடிங் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான், அதில் குழம்பு தெறித்தால் இரவெல்லாம் கூடவே படுக்கும். முகாமுக்கு வந்தபின் அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். காட்டு முகாமில் வேறு வழியில்லை என்றால் கூடாரம், அடுப்பு, உணவு டப்பா மூன்றும் ஒன்றுக்கொன்று 90 மீட்டராவது தள்ளி முக்கோணமாக இருக்கட்டும். காற்று கூடாரத்திலிருந்து அடுப்பை நோக்கி வீச வேண்டும். டப்பாவை ஓடைக்கரையிலோ சரிவிலோ வைத்தால் கரடி உருட்டிவிட்டுப் போய்விடும்.

எல்லோஸ்டோன் காடுகளில் உணவைக் கயிற்றில் தொங்கவிடவும் செய்யலாம்: தரையிலிருந்து பத்தடி, அடிமரத்திலிருந்து நாலடி. ஓட்டிக் களைத்தவன் இருட்டில் கல்லைக் கட்டிக் கயிறு எறிந்துகொண்டிருக்கும் காட்சியைப் பார்த்திருக்கிறேன். டப்பாவே வாங்கிவிடுங்கள்.

படுக்கப்போகுமுன் ஒரு சோதனை. மணமுள்ள எதுவும் சாப்பாடுதான்: பற்பசை, சோப்பு, லிப் பாம், சன்ஸ்கிரீன், மாத்திரை, காலிப் பாட்டில், குப்பை. எல்லாம் டப்பாவுக்குள் அல்லது பெட்டகத்துக்குள். ஜாக்கெட்டுக்கு எத்தனை பாக்கெட் என்று எண்ணி ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பாருங்கள். ஒருமுறை எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் டேங்க் பேக்கின் ஓரத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்ட ஓட்டை, அதைச் சுற்றி நூல் நூலாகச் சிதறல். உள்ளே, மறந்துபோன கடலைமிட்டாயின் காகிதம் மட்டும் மீதி. எலியோ அணிலோ, என் அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டம் என்று சும்மா சொல்லவில்லை. 2021 ஜூலையில் மாண்டானாவின் ஓவாண்டோ என்ற சிற்றூரில், நெடும்பயணம் வந்த சைக்கிள்காரர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். விடிவதற்கு முன் ஒரு கிரிஸ்லி வந்து எழுப்பியது. விரட்டிவிட்டு, கூடாரத்தில் இருந்த உணவை எடுத்து அப்புறப்படுத்தி, மறுபடி படுத்தார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் அது திரும்பி வந்து ஒரு பெண்ணைக் கொன்றது. கரடி ஒருமுறை வந்துவிட்டால், சாப்பாட்டை நகர்த்திவிட்டு அதே இடத்தில் தூங்காதீர்கள். நமக்கு வண்டி இருக்கிறது. கிளம்பிவிட வேண்டும்.

வண்டியையும் கூடாரத்தை ஒட்டி நிறுத்த வேண்டாம். சீட்டின் ரப்பரையும் ஃபோமையும் கடித்துக் குதறுவது கரடிகளுக்கு ஒரு பழக்கம். சாப்பாடு ஏற்றிய சைடு பாக்ஸை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே பெட்டியில் இருந்தால் பயனில்லை, இடுப்பில் இருக்கட்டும். ஆனால் யோசெமிட்டியில் அதற்குத் தடை. கொசு மருந்து போலக் கூடாரத்தின்மேல் அடித்துவிடாதீர்கள், காய்ந்தபின் அதன் மிளகாய் நெடி கரடியை இழுக்கவே செய்யும்.

இலையுதிர்காலத்தில் போகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். குளிர்கால உறக்கத்துக்கு முன் கருங்கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரிவரை தேடித் தின்னும்.

காலையில் டப்பாவை எடுக்கப் போகும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். மேலே நகக்கீறலோ பல்தடமோ தெரிந்தால், டப்பா தாங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு ஓட்டிப் போய்விடாமல், அருகிலுள்ள ரேஞ்சர் அலுவலகத்தில் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். அன்று ராத்திரி அதே இடத்தில் வேறு யாரோ கூடாரம் அடிக்கப்போகிறார்கள்.