இடம் இல்லை என்றால் என்ன செய்வது?

புனே நகரில் கோந்த்வா என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே குடியிருக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். அவர் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகிறார். "இடம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவர் அழுதுகொண்டே திரும்ப வேண்டுமா?

வேண்டாம். இதே மாநிலத்தில் முன்பு நடந்ததைக் கேளுங்கள்.

நாசிக் அருகே தேவ்லாலியில் பார்ன்ஸ் பள்ளி இருக்கிறது. அது கத்தோலிக்கப் பள்ளி அல்ல. ஆங்கிலோ இந்தியர்களின் பள்ளி. அரசு உதவி பெற்று வந்தது. 1954 ஜனவரியில் பம்பாய் அரசு ஓர் உத்தரவு போட்டது. ஆங்கிலவழி வகுப்பில் ஆங்கிலோ இந்தியர், ஆசியர் அல்லாத வம்சத்தார் ஆகியோரின் பிள்ளைகளை மட்டுமே சேர்க்கலாம் என்றது. அதனால் ஓர் இந்தியக் கிறிஸ்தவரின் மகளுக்கும், ஓர் இந்துவின் மகனுக்கும் இடம் கிடைக்கவில்லை.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பள்ளிச் சங்கமும் போட்டது. உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். அரசு உச்ச நீதிமன்றம் போனது. 1954 மே 26 அன்று அங்கேயும் அரசு தோற்றது. அரசு உதவி பெறும் பள்ளியில், மொழியை மட்டும் காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்றது தீர்ப்பு. அரசியல் சட்டம் 29(2) பிரிவு இதைச் சொல்கிறது. மதம், சாதி, இனத்துக்கும் இதே விதிதான்.

அங்கே மறுத்த காரணம் எழுத்தில் இருந்தது. அதனால்தான் அது தவறு என்று காட்ட முடிந்தது. கோந்த்வா தாயும் முதலில் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

சான்றிதழ் குறைவா? கொண்டுபோய்க் கொடுக்கலாம். வகுப்பு நிறைந்துவிட்டதா? காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதச் சொல்லலாம். காரணம் நியாயமில்லையா? பள்ளி நிர்வாகத்துக்கும், பிறகு கல்வி அதிகாரிக்கும் மனு கொடுக்கலாம். வழக்கு என்றால், பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு.

ஒன்றை நினைவில் வையுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு 100க்கு 25 இடம் தர வேண்டும். ஆனால் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அந்த 25 இடத்தை மற்றத் தனியார் பள்ளிகளில் கேளுங்கள்.

பதில் வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்கலாமா? கூடாது. மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். படிப்பு நிற்கக் கூடாது.

எழுதிப் பழகுவோம்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,
வணக்கம். என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ....... தேதியில் விண்ணப்பித்தேன். இடம் இல்லை என்றார்கள். அதன் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
.......

மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுங்கள். மற்றதில் தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. காரணத்தை ஏன் எழுத்தில் கேட்க வேண்டும்?
2. பார்ன்ஸ் பள்ளி வழக்கில் தோற்றது யார்? ஏன்?
3. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா? நீங்கள் என்ன செய்வீர்கள்?