சிவக்காவிடினும் அளக்கலாம்

ஒவ்வாமையைக் கண்டறிய, ஐயத்திற்குரிய பொருளின் சாற்றை முன்கையில் துளியாக இட்டு, ஊசிமுனையால் மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடங்கள் கழித்துப் பார்ப்பர். மாநிற, கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. சிவக்கவில்லை, ஆகவே ஒவ்வாமை இல்லை என நீங்களே முடிவுசெய்ய வேண்டா. நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவிகள் உண்டெனினும், அவை பெரும்பாலும் ஆய்வுகளுக்கே பயன்படுகின்றன. மருத்துவமனையில், எழும்பிய தடிப்பை விரலால் தடவி உணர்ந்து அதன் விட்டத்தை அளப்பர். உப்புநீர் இட்ட இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்குமேல் பெரிதாயின், அப்பொருளுக்கு உடல் எதிர்வினை காட்டுகிறது எனக் கொள்வர். ஒப்பீட்டுக்காக ஹிஸ்டமின் இட்ட இடமும் தடிக்காவிடில், சோதனையை நம்ப இயலாது. செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் தடிப்பை அடக்கிவிடும். சில சளி மருந்துகளிலும் இவ்வகை மருந்து கலந்திருக்கும். எதனை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை மருத்துவரிடமே கேட்டறிக.