எண் மாறாத உறுப்புகள்

மோட்டார் சைக்கிளின் ஓர் உறுப்பு பழுதுற்றால், உறுப்புப் பட்டியலில் அதன் எண்ணைக் கண்டு, அதே எண்ணுடைய புதியதொன்றை வாங்கிப் பொருத்துவது வழக்கம். ஒரே எண் எனில் ஒரே பொருள் என்பது இதற்கு அடிப்படையான நம்பிக்கை. தொழிற்சாலைகள் இந்நம்பிக்கையை எப்பொழுதும் காப்பாற்றுவதில்லை.

வண்டி விற்பனைக்கு வந்தபின்னும் அதன் அமைப்பில் திருத்தங்கள் நடந்துகொண்டே இருக்கும். உலோகக் கலவை மாறும். எண்ணெய்த் துளை அகலும். பற்சக்கரத்தில் ஒரு பல் கூடும். இவை விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை.

ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 1969-இல் விற்பனைக்குக் கொணர்ந்த சி.பி. 750 வண்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர்களும் 736 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய இவ்வண்டிக்கு ஆண்டுக்கு 1,500 என்ற அளவிலேயே தேவை இருக்குமென நிறுவனம் கருதியது. ஆகவே, அழுத்த வார்ப்புக்குரிய விலையுயர்ந்த அச்சுகளைச் செய்யாது, உருகிய அலுமினியக் கலவை தன் எடையாலேயே அச்சினுள் இறங்கும் எளிய முறையில் கிராங்க் உறைகளை வார்த்தது. தேவையோ விரைவில் மாதத்திற்கே 1,500 ஆயிற்று. ஏறத்தாழ 7,400 வண்டிகளுக்குப் பின் உறைகள் அழுத்த வார்ப்புக்கு மாறின. வண்டியின் பெயர் மாறவில்லை. முந்திய உறைகள் சொரசொரப்பாக இருப்பதால் ‘மணல் வார்ப்பு’ எனப் பெயர் பெற்றுவிட்டன. உண்மையில் அவை மணலில் வார்க்கப்பட்டவை அல்ல. வண்டி எவ்வகையினது என்பதற்கு அதன் வரிசை எண்ணே சான்று.

இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் நன்மைக்கே. அவற்றைப் பதிவு செய்யாமல் விடுவதே கேடு. அக்கேட்டின் அளவைக் காட்டிய நிகழ்ச்சி மோட்டார் சைக்கிளில் அன்று, காரில் நேர்ந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சிலவற்றின் சாவி சுவிட்சு, முழங்கால் பட்டாலே நழுவி எஞ்சினை நிறுத்திவிடும். மோதலின்போது காற்றுப் பைகளும் விரியா. 2006-இல் சுவிட்சின் வில்சுருளும் உந்துதண்டும் நீளமாக்கப்பட்டன. உறுப்பெண் மட்டும் பழையதே. பழைய கார்களில் நேரும் விபத்து புதியவற்றில் ஏன் நேர்வதில்லை என ஆராய்ந்தோர், சுவிட்சு ஒன்றே என்றெண்ணி வேறிடங்களில் காரணம் தேடினர். வழக்கொன்றில் ஈடுபட்ட பொறியாளர் பழையதையும் புதியதையும் பிரித்து அருகருகே வைத்து அளந்தபின்னரே உண்மை வெளிப்பட்டது. 2014-இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 பேரின் இறப்புக்கு இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது.

கண்ணளவு போதாது என்பதை மாணவர்க்கு உணர்த்தச் சங்கிலியே போதும். 520, 525, 530 ஆகிய மூன்று சங்கிலிகளிலும் ஊசிகளின் இடைத்தூரம் 15.875 மில்லிமீட்டரே. உள்ளகலம் மட்டும் முறையே 6.35, 7.94, 9.53 மில்லிமீட்டர். ஒடுங்கிய சக்கரத்தில் அகன்ற சங்கிலி தடையின்றி ஏறும், வண்டியும் ஓடும், பக்கவாட்டில் ஆடித் தேய்ந்தபின்னரே பிழை தெரியும்.

ஆகையால் எஞ்சினைப் பிரிக்குமுன் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். புதிய உறுப்பைப் பொருத்துமுன் வெர்னியர் அளவியால் இரண்டையும் அளந்து, வேறுபாடு இருப்பின் எழுதி வைத்தல் வேண்டும். கழற்றிய உறுப்பை உடனே பழைய இரும்புக்குப் போடுவது பலரின் பழக்கம். எஞ்சின் எண் எழுதிய சீட்டொன்றைக் கட்டி அதனைப் பட்டறை அலமாரியிலேயே வைத்திருந்தால், அதே வகை வண்டி மறுமுறை வரும்போது ஒப்பிடக் கையில் ஒன்று இருக்கும்.