சிறு வணிக இணையத்தளத்திற்குப் பாதுகாப்பான வழங்கியைத் தெரிவு செய்தல்

ஒன்ராறியோவில் உணவு விநியோகம், நகைக்கடை, பயண முகவர் நிலையம் எனப் பல சிறு வணிகங்கள் இணையத்தளம் வழியாக முன்பதிவுகளைப் பெறுகின்றன. அத்தளத்தைத் தாங்கி நிற்கும் கணினியே சேர்வர் எனப்படும் வழங்கி. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியன அதில் சேமிக்கப்படுவதால், அதனைத் தெரிவு செய்வதில் விலை மட்டும் அளவுகோலாக அமையலாகாது.

முதல் தீர்மானம்

உங்கள் தளம் எந்தத் தகவலைச் சேமிக்கிறது என்பதை முதலில் பட்டியலிடுங்கள். தேவையற்றதைச் சேமிக்காதிருப்பதே முதற் பாதுகாப்பு. கடனட்டை எண்களை உங்கள் வழங்கியில் வைத்திருக்காது, கட்டணம் பெறும் நிறுவனத்தின் பாதுகாப்பான பக்கத்திற்கு வாடிக்கையாளரை அனுப்புவது நன்று.

வன்பொருள்

நாள்தோறும் பராமரிக்கத் தேர்ந்த பணியாளர் இல்லாத வணிகத்திற்கு, வாடகை வழங்கியே பெரும்பாலும் பொருத்தமானது. சொந்த வழங்கியை வாங்குவோர் நான்கு அம்சங்களைக் கவனிக்க வேண்டும்: பிழை திருத்தும் நினைவகம், ஒரே தரவைப் பதியும் இரு வட்டுகள், மின்தடையைத் தாங்கும் மின்கலச் சாதனம், பூட்டக்கூடிய அறை.

மென்பொருள்

இயங்குதளம் எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் வெளியான உபுண்டு 24.04 பதிப்பிற்கு ஐந்தாண்டுகளுக்கு இலவசத் திருத்தங்கள் வழங்கப்படும். சென்ட்ஓஎஸ் 7 பதிப்பிற்கான ஆதரவோ 2024 ஜூன் 30ஆம் நாளுடன் முடிவுற்றது; அதில் இன்னும் இயங்கும் வழங்கியைத் தவிர்க்க வேண்டும். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்களையும் அவற்றின் இணைப்புச் செருகிகளையும் உடனுக்குடன் புதுப்பியுங்கள். பயன்படுத்தாத செருகிகளை நீக்கிவிடுங்கள். நிர்வாகக் கணக்கிற்கு இருபடி உறுதிப்படுத்தலை அமையுங்கள். தரவை மறையாக்கி அனுப்புவதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு கட்டணமின்றி வழங்குகிறது.

காப்புப்பிரதி

இரு வட்டுகள் இருப்பது காப்புப்பிரதி ஆகாது. ஒன்றில் அழிந்த கோப்பு மற்றதிலும் அக்கணமே அழிந்துவிடும். ஆகவே மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்னும் முறையைக் கடைப்பிடியுங்கள். பிரதியிலிருந்து தளத்தை மீட்டெடுக்க முடிகிறதா என்பதை அவ்வப்போது சோதித்துப் பாருங்கள்.

சட்டப் பொறுப்பு

வழங்கியை வாடகைக்குப் பெற்றாலும், வாடிக்கையாளர் தகவலுக்கான பொறுப்பு உங்களையே சாரும். தகவல் கசிவால் ஒருவருக்குக் கணிசமான தீங்கு நேரும் உண்மையான அபாயம் இருப்பின், கனடாவின் தனியுரிமை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிக்க வேண்டும். இக்கடப்பாடு 2018 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு கசிவைப் பற்றிய பதிவையும் 24 மாதங்கள் பேண வேண்டும். தெரிந்தே இவற்றை மீறுவோருக்கு 100,000 டொலர் வரை தண்டப்பணம் விதிக்கப்படலாம்.

ஒப்பந்தத்திற்கு முன் கேட்க வேண்டியவை

• பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுபவர் யார்? எத்தனை நாட்களுக்குள்?
• காப்புப்பிரதிகள் எங்கு, எவ்வளவு காலம் வைக்கப்படும்?
• தரவு எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது?
• கசிவு நேர்ந்தால் எமக்கு எப்பொழுது அறிவிக்கப்படும்?
• ஒப்பந்தம் முடிவுற்றபின் எமது தரவு எவ்வாறு கையளிக்கப்பட்டு அழிக்கப்படும்?

இவற்றுக்கான விடைகளை எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.